தூத்துக்குடி உப்பளம் பற்றி ஒரு புத்தகம்: பதிப்பகத்துக்கு முன்மொழிவு எழுத உதவி தேவை

உப்பள மகள்

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி ஓர் அபுனைவு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் பெரியம்மாவும் வேப்பலோடைப் பக்கம் உப்பு வாரியவர்கள். நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சில அத்தியாயங்கள் முடிந்துவிட்டன, மீதிக்கு நேர்காணல்களும் ஆவணக் குறிப்புகளும் கைவசம் இருக்கின்றன.

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பேசினேன். "முழுக் கைப்பிரதி இப்போதைக்கு வேண்டாம், ஒரு ப்ரபோசல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும் மாதிரிகள் எல்லாம் அமெரிக்கப் பதிப்பகங்களுக்கு ஏஜென்ட் வழியாக அனுப்புவதற்கானவை. ஆசிரியரை இணையத்தில் எத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், முன்பணம் எவ்வளவு என்றெல்லாம் போகிறது. தமிழ்ப் பதிப்பகத்துக்கு எதை எழுத வேண்டும், எவ்வளவு நீளம் இருக்கலாம்?

நான் எழுதி வைத்திருக்கும் முதல் பத்தி இது:

"இந்நூல் தூத்துக்குடி உப்பளங்களின் வரலாற்றையும், உப்பு உற்பத்தி முறைகளையும், தொழிலாளர்களின் வாழ்நிலையையும், பெண்களின் பங்களிப்பையும், சுற்றுச்சூழல் சிக்கல்களையும் விரிவாக ஆராய்கிறது."

தயங்காமல் சொல்லுங்கள்.

பதிப்பறை மேசை

பல வருடங்களாகப் பதிப்பகங்களில் நூல் தேர்வும் செம்மையாக்கமும் செய்து வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் பத்தியில் "தூத்துக்குடி உப்பளங்கள்" என்ற இடத்தில் "சிவகாசி தீப்பெட்டி ஆலைகள்" என்று போட்டுப் படித்துப் பாருங்கள். "உப்பு" என்பதைத் தவிர வேறு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. உங்களிடம் ஒரு துறை இருக்கிறது என்பதை மட்டும்தான் இந்தப் பத்தி எனக்குச் சொல்கிறது. அந்தத் துறையைப் பற்றி நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது இதில் இல்லை. பதிப்பாளர் முன்மொழிவில் முதலில் தேடுவது அந்தக் கேள்வியைத்தான். அது கிடைத்துவிட்டால் அத்தியாயப் பிரிப்பு, வாசகர், போட்டி நூல்கள் எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்துவிடும். கேள்வி இல்லாமல் பன்னிரண்டு அத்தியாயத் தலைப்புகளை அனுப்புகிறவர்களே அதிகம்.

மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வரியில் சொல்லுங்கள்: இந்தப் புத்தகத்தை எழுதாமல் ஏன் உங்களால் இருக்க முடியவில்லை?

உப்பள மகள்

நன்றி சார். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். 1947 ஏப்ரலில் உப்பு வரி ஒழிந்தது. இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதோடு உப்பின் கதை முடிந்துவிட்டதாகவே எல்லோரும் எழுதுகிறார்கள்.

என்னை விடாமல் துரத்துவது அதற்குப் பிறகு நடந்தது. வரியாகப் போய்க்கொண்டிருந்த பணம் அதன் பின் யாரிடம் போனது? அளத்தில் அம்பாரத்துக்கு, அதாவது வாரிக் குவித்த உப்புக்கு, கிடைக்கும் விலைக்கும், கடையில் ஒரு கிலோ பாக்கெட்டின் விலைக்கும் இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது? அந்த இடைவெளியில் யார் யார் நிற்கிறார்கள்? மழை வந்தால் அக்டோபரிலிருந்து மூன்று மாதம் அம்மாவுக்கு வேலை கிடையாது. கடன் வாங்குவோம், தையில் திருப்பத் தொடங்குவோம். ஊருக்கே உப்புக் கொடுக்கிற தொழிலில் இது ஏன் மாறவே இல்லை என்பதுதான் என் கேள்வி.

பதிப்பறை மேசை

இதுதான் முன்மொழிவின் முதல் பக்கம். கிட்டத்தட்ட அப்படியே எழுதலாம். "வரியாகப் போன பணம் அதன் பின் யாரிடம் போனது" என்ற கேள்வியைப் படித்த பதிப்பாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

முத்துநகர் வாசகன்

தங்கச்சி, நானும் தூத்துக்குடிக்காரன்தான். தருவைகுளம். உன் கேள்வியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் பதிப்பறை அண்ணாச்சி சொல்வதில் எனக்கு ஒரு தடை உண்டு. தமிழில் நல்ல அபுனைவு பலவும் வார இதழில், மாத இதழில் தொடராக வந்து வளர்ந்ததுதான். எழுதியவர்கள் முன்மொழிவு போட்டுவிட்டு எழுதவில்லை. எழுத எழுதத்தான் விஷயம் திறக்கும். முன்கூட்டியே கேள்வி, பதில், அத்தியாயம் என்று கட்டிவிட்டால், களத்தில் நாளை ஒரு கிழவி சொல்லப் போகிற விஷயத்துக்கு எங்கே இடம்? இவர்கள் கேட்கிற படிவத்துக்காகப் புத்தகத்தின் உயிரை விட்டுவிடாதே.

ஏரிக்கரை

தோழர் சொல்லும் பயம் எனக்கும் இருந்தது. மதுராந்தகம் பக்கத்து ஏரிப் பாசனம் பற்றி எழுதினேன். முதலில் முன்மொழிவு எதுவும் இல்லாமல் முழுக் கைப்பிரதியையும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன் (பெயர் வேண்டாம்). ஒரு வருடத்துக்கு மேல் பதில் இல்லை. திறந்தே பார்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. 400 பக்கத்தை யார் திறப்பார்கள்? வேறொரு இடத்துக்குப் பத்துப் பக்க முன்மொழிவும் ஓர் அத்தியாயமும் அனுப்பினேன். அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

அதைவிட முக்கியமாக, அந்தப் பத்துப் பக்கத்தை எழுதும்போதுதான் என் நூலின் நடுவில் இரண்டு அத்தியாயங்கள் எந்த வேலையும் செய்யவில்லை என்பது கண்ணில் பட்டது. ஒன்றை எடுத்தேன், மற்றதைப் பாதியாக்கினேன். களத்தில் புதிதாக வந்த விஷயங்களுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

பதிப்பறை மேசை

முத்துநகர் நண்பர் சொல்லும் தொடர் மரபு பெரியது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொடருக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். வாராவாரம் வாசகர் கடிதம் வந்தது. எது எடுபடுகிறது, எங்கே இழுக்கிறது என்பதை அந்தக் கடிதங்கள் சொல்லின. அந்த வேலையை எழுதத் தொடங்கும்போதே ஒருமுறை செய்து பார்ப்பதற்குத்தான் முன்மொழிவு. அதில் எழுதியதை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும் என்று எந்தப் பதிப்பாளரும் பிடித்துவைக்கப் போவதில்லை. நூல் மாறினால் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

சரி, அத்தியாயச் சுருக்கத்துக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானவை படுத்துவிடுகின்றன. "அத்தியாயம் 4: பெண் தொழிலாளர்கள்" என்று தலைப்பு மட்டும் வைப்பது போதாது. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் 150, 200 சொற்களில் ஒரு பத்தி. அந்த அத்தியாயம் எதை நிறுவுகிறது, எந்த ஆதாரத்தைக் கொண்டு, கையில் இருப்பது எது, இன்னும் சேகரிக்க வேண்டியது எது. கடைசிக் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். "உப்பளக் குத்தகை ஆவணங்களை இன்னும் பார்க்கவில்லை, ஜூன் மாதம் பார்க்கிறேன்" என்று எழுதுகிறவர் மேல் எனக்கு நம்பிக்கை வரும். எல்லாம் தயார் என்று எழுதுகிறவரிடம்தான் நான் கூடுதலாகக் கேள்வி கேட்பேன்.

மொத்தம் எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம், அதோடு ஒரு மாதிரி அத்தியாயம். அதற்கு மேல் வேண்டாம்.

நூலகப்படி

மேடம், போட்டி நூல்கள் பகுதிக்கு நான் உதவ முடியும். "இத்துறையில் இதுவே முதல் நூல்" என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் தேடிப் பார்த்த பின்பே எழுத வேண்டும்.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெறுகிற நான்கு நூலகங்களில் ஒன்று. முதலில் அங்கே தேடுங்கள். பழைய துண்டறிக்கைகளுக்கும் இதழ்களுக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உப்பு இலாகாவின் அரசாணைகள், கடிதப் போக்குவரத்துகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1876இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஓர் உப்பு விசாரணைக் குழு அமைத்தார்கள், அதன் அறிக்கையை அவசியம் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தை வீட்டிலிருந்தே தேடலாம்.

இன்னொன்று. உப்பளம் என்றதும் தமிழ் வாசகருக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நினைவுக்கு வரும். அது நாவல், உங்களுடையது அபுனைவு. ஆனாலும் அதைக் குறிப்பிடாமல் முன்மொழிவு அனுப்பினால் பதிப்பாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.

உப்பள மகள்

அதை விடுவேனா? இந்தத் தொழிலைப் பற்றி ஒருத்தர் எழுதியிருக்கிறார் என்று தெரிந்து முதன்முதலில் படித்த புத்தகம் அது. ஆனால் முன்மொழிவில் அதை எப்படிச் சொல்வது? அதைக் குறைத்துப் பேசி என் நூலை உயர்த்த எனக்கு மனம் வராது.

பதிப்பறை மேசை

குறைத்துப் பேசவே வேண்டாம். அந்த நாவலுக்குப் பிறகு உப்பளத்தில் மாறியவற்றைச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியும்: 2006 மே மாதத்திலிருந்து அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பதற்குத் தடை. அதன் பின் சிறு அளக்காரரின் உப்பு உணவு மேசைக்குப் போக வேண்டுமானால் அயோடின் கலக்கும் ஆலை வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் விலை இடைவெளிக் கேள்விக்கு இது மையமான இடம் இல்லையா? அப்படியே எழுதுங்கள். முந்தைய நூல் எந்த ஆண்டோடு, எந்தக் கேள்வியோடு நிற்கிறது, உங்களுடையது எங்கே தொடங்குகிறது என்று சொன்னால் போதும். ஒவ்வொரு நூலுக்கும் மூன்று வரி. நான்கைந்து நூல்கள் தாராளம்.

உப்பள மகள்

மாதிரி அத்தியாயத்துக்கு இரண்டில் எதை அனுப்புவது என்று குழப்பம்.

ஒன்று, 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கரையில் குவித்து ஓலையும் தார்ப்பாயும் போட்டு வைத்திருந்த அம்பாரங்கள் கரைந்து போயின. வருடம் முழுக்க வாரிய உப்பு. முள்ளக்காடு, ஆறுமுகநேரிப் பக்கம் போய்ப் பலரிடம் பேசி எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, வேலை நடக்கும் முறையைப் பற்றியது. கடல்நீர் உப்புச் செறிவில் (போமே அளவில்) மூன்று, மூன்றரை டிகிரியில் தொடங்கி, பாத்தி பாத்தியாக வெயிலில் முறுகி, 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30 டிகிரி ஆனால் மிச்ச நீரை வெளியே விட்டாக வேண்டும், விடாவிட்டால் உப்பு கசக்கும். அளவுமானி இல்லாமலே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியம்மா அப்படித்தான். ஆனால் கூலிக் கணக்கில் அந்த அறிவுக்கு ஒரு பைசா கிடையாது. இதுதான் அந்த அத்தியாயம்.

ஏரிக்கரை

இரண்டாவது. யோசிக்கவே வேண்டாம்.

முத்துநகர் வாசகன்

எனக்கு வெள்ளம்தான். அந்த டிசம்பரில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். செய்தியில் நெல்லையும் தாமிரபரணியும் வந்த அளவுக்கு உப்பளம் வரவில்லை. படிக்கிறவர்களை அது உலுக்கும்.

பதிப்பறை மேசை

வெள்ள அத்தியாயம் நூலில் வலுவாக நிற்கும். ஆனால் மாதிரியாக நானும் இரண்டாவதையே அனுப்பச் சொல்வேன். வெள்ளத்தைப் பற்றி நல்ல செய்தியாளர் ஒருவர் நன்றாக எழுதிவிட முடியும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து டிகிரி சொல்லும் பெரியம்மாவையும், அவருடைய கூலிச் சீட்டையும் ஒரே பக்கத்தில் வைக்க உங்களால்தான் முடியும். இந்த நூலை ஏன் நீங்கள் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு ஆசிரியர் குறிப்பைவிட அந்த அத்தியாயம் நன்றாகப் பதில் சொல்லும். மாதிரி முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆசிரியர் குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டங்கள், கருத்தரங்கக் கட்டுரைகள் இரண்டு வரிக்குள் முடியட்டும். அம்மா உப்பு வாரியவர் என்பதை வெட்கமில்லாமல், பெருமையாக, முதல் வரியிலேயே எழுதுங்கள். அளத்தில் உங்களிடம் மட்டும் பேசுகிறவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். ஓர் அபுனைவு நூலின் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

உப்பள மகள்

நன்றி சார். "வாசகர் யார்" என்ற பகுதியில் என்ன எழுதுவது? "தமிழ் கூறும் நல்லுலகம்" என்று எழுதத்தான் வருகிறது.

ஏரிக்கரை

இதில் கணக்கைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள் தோழர். ஒரு காலத்தில் தமிழில் முதல் பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள். இப்போது முன்னூறு அடித்து, தேவையைப் பார்த்து மறுபடி அடிப்பவர்கள்தான் அதிகம். ரூ. 300 விலையில் 500 படி விற்று, வழக்கமான 10 சதவீத ராயல்டி கிடைத்தால் உங்கள் கைக்கு வருவது ரூ. 15,000. களத்துக்குப் போய் வந்த பேருந்துச் செலவுக்குக்கூடக் காணாது. இதைச் சொல்வது மனதைத் தளர்த்த அல்ல. பதிப்பாளர் பார்ப்பதும் இதே அளவுக் கணக்குதான். அவருக்கு லட்சம் வாசகர் தேவையில்லை. முதல் ஐந்நூறு பேர் யார் என்று தெரிந்தால் போதும்.

உங்களுக்கு அந்த ஐந்நூறு பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். உப்பளத் தொழிற்சங்கங்கள், தூத்துக்குடி, நெல்லைக் கல்லூரிகளின் வரலாறு, பொருளியல் துறைகள், சென்னையில் இருக்கும் உங்கள் மாவட்டத்துக்காரர்கள், தொழிலாளர் வரலாறு படிக்கிற வாசிப்பு வட்டங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு கூட்டம் பேசவும் நீங்கள் தயார் என்று எழுதுங்கள். அரசு நூலகங்களுக்காக வாங்கும் நூலக ஆணையை நம்பி எண்ணிக்கை போடாதீர்கள். வந்தால் நல்லது.

பதிப்பறை மேசை

சேர்க்க ஒன்று உண்டு. நூலின் அளவைச் சொல்லுங்கள். 50,000 சொல் என்றால் டெம்மி அளவில் ஏறக்குறைய 240 பக்கம். படம் எத்தனை, கறுப்பு வெள்ளையா வண்ணமா, வரைபடம் உண்டா? வண்ணத் தாள் சேர்ந்தால் விலை ஏறும், விலை ஏறினால் நீங்கள் சொல்லும் தொழிற்சங்கத் தோழர் வாங்க மாட்டார். எப்போது முடிப்பீர்கள் என்பதற்கு ஒரு மாதத்தைச் சொல்லுங்கள், அதற்குள் முடியும் என்றால் மட்டும்.

சட்டத்தாள்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். முன்மொழிவு ஏற்கப்பட்டதும் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்று பொருள். எந்த நாடுகளுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும்.

ஆங்கில மொழிபெயர்ப்பு உரிமையையும் ஒலிநூல் உரிமையையும் சேர்த்து ஒரே வரியில் "அனைத்து உரிமைகளும்" என்று கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நூலுக்கு ஆங்கிலத்தில் வாய்ப்பு உண்டு.

மேற்கோள்கள் பற்றி: பழைய அரசு அறிக்கைகள் வெளியாகி 60 ஆண்டு கடந்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். ராஜம் கிருஷ்ணன் நூல்கள் நாட்டுடைமை. மற்றவர்களின் புகைப்படங்களுக்கு அனுமதி வேண்டும். எந்தப் படத்துக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்ற பட்டியலை முன்மொழிவிலேயே இணைத்தால் பதிப்பாளருக்கு ஒரு தலைவலி குறையும்.

முத்துநகர் வாசகன்

இதையெல்லாம் படித்த பிறகு என் தடை கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனாலும் தங்கச்சி, உன் முதல் பக்கத்தை இங்கே போடு. அதைப் படித்தால்தான் எனக்குத் திருப்தி.

உப்பள மகள்

இதோ அண்ணாச்சி. திருத்திய முதல் பக்கத்தின் தொடக்கம்:

"1947 ஏப்ரலில் இந்தியாவில் உப்பு வரி நீங்கியது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யத்தில் ஒரு பிடி உப்புக்காகச் சிறை சென்றவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வரி நீங்கிய பின் அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்கவில்லை. தூத்துக்குடி அளத்தில் ஓர் அம்பாரத்தின் விலைக்கும் கடையில் ஒரு பாக்கெட்டின் விலைக்கும் நடுவில் குத்தகைதாரர், தரகர், லாரிக்காரர், அயோடின் ஆலை, விளம்பரம் எல்லாம் வந்து நிற்கின்றன. பாத்தியில் வெறுங்காலோடு நிற்கும் பெண், கண் கூசும் வெள்ளை வெயிலில் உப்பு வாரி, மழை மாதங்களில் கடன் வாங்கி, தையில் அந்தக் கடனோடு திரும்ப அளத்துக்கு வருகிறார். தமிழ்நாடு அரசு 2022இல் மழைக்கால நிவாரணமாக ரூ. 5,000 கொடுக்கத் தொடங்கியபோதுதான் அவருடைய வேலையில்லாத மாதங்கள் முதன்முறையாக அரசுக் கணக்கில் ஏறின. இந்த நூல் ஒரு கிலோ உப்பின் விலையைப் பாத்தியிலிருந்து கடைவரை பின்தொடர்கிறது. என் அம்மா அந்தப் பாத்தியில் நின்றவர்."

முத்துநகர் வாசகன்

போதும் தங்கச்சி. அனுப்பு.

பதிப்பறை மேசை

ஒரே ஓர் இடம். "முதன்முறையாக" என்பதற்கு ஆதாரம் வைத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். இப்படி ஒரு சொல் பிடிபட்டால் மீதிப் பத்துப் பக்கத்தையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். மற்றபடி இதைத் தொடாதீர்கள்.

அனுப்பும்போது யூனிகோடில் அனுப்புங்கள், பழைய எழுத்துருக்களில் வேண்டாம். கோப்பில் உங்கள் பெயரும் நூலின் தற்காலிகத் தலைப்பும் இருக்கட்டும். சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலை செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். அதிலிருந்து ஜனவரி முடியும்வரை எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் அனுப்புவது நல்லது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினால் இருவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

சுதந்திர இந்தியாவைப் பற்றிய நூல்களுக்கு நியூ இந்தியா ஃபவுண்டேஷன் கொடுக்கும் ஃபெலோஷிப்புக்கும் முன்மொழிவும் எழுத்து மாதிரியும்தான் கேட்கிறார்கள். அவர்களுடைய விதிமுறைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் கேள்வி 1947க்குப் பிறகு தொடங்குகிறது.

உப்பள மகள்

"முதன்முறையாக" எடுத்துவிட்டேன் சார். நிவாரணத்துக்கான அரசாணையைத் தேடிப் படித்துவிட்டு, ஆதாரம் கிடைத்தால் சேர்க்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம், சட்டத்தாள் அவர்களுக்கு. என்னிடம் பேசிய பெண்களில் சிலர் இன்னும் அதே அளத்தில் வேலை செய்கிறார்கள். கூலி பற்றி அவர்கள் சொன்னது வெளியே தெரிந்தால் அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பேசச் சம்மதித்தார்கள், ஒலிப்பதிவும் இருக்கிறது. இது போதுமா?

சட்டத்தாள்

பேசச் சம்மதித்தது வேறு, அச்சில் வரச் சம்மதிப்பது வேறு. திரும்பப் போய் அவர்களைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அளத்தின் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை பேர் போன்ற விவரங்களிலிருந்தே கங்காணி ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அவற்றையும் மாற்றுங்கள், மாற்றியிருப்பதை நூலில் சொல்லிவிடுங்கள். சம்மதத்தைத் தமிழில், அரைப் பக்கத்துக்குள் எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சியின் முன் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கலாம். மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு, மின்நூல் மூன்றுக்கும் அந்தத் தாளிலேயே சம்மதம் இருக்கட்டும். யாராவது வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

முன்மொழிவில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒலிப்பதிவுகளை மட்டும் இணைக்காதீர்கள். பதிப்பகம் கேட்டாலும் அவை உங்களிடமே இருக்கட்டும்.